மதுவையும் மருந்தையும் அளந்தவர்: கர்னல் ராம்நாத் சோப்ரா

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். இரண்டுக்கும் இடையே சூது என்னும் ஓர் அதிகாரமே உள்ளது. அறிவை மயக்கும் பொருளையும் உடலைக் காக்கும் பொருளையும் வள்ளுவர் இவ்வளவு அருகருகே வைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் அறிஞரின் நினைவு வருகிறது. அவரும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர். கள், சாராயம், அபின், கஞ்சா ஆகியவற்றை ஒரு தட்டிலும், மருந்துக்கடைச் சீசாக்களை மறுதட்டிலும் இட்டு, நெடுங்காலம் நிறுத்துப் பார்த்தவர். அவர்தாம் கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று மருத்துவ மாணவர் அவரை அறிவர். கலை பயில்வோரும் சட்டம் பயில்வோரும் வணிகம் பயில்வோரும்கூட அவரை அறிந்திருத்தல் நலம் என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் உண்டு.

நான் வண்டன்மேட்டைச் சேர்ந்தவன். அவ்வூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலமலையின் நடுவே இருக்கிறது. தோட்டங்களில் காய் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் பெண்களே மிகுதி. பலர் தலைமுறைகளாக மலையிலேயே வாழ்கின்றனர். பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி வந்து, மாலையில் இறங்கிப் போகின்றனர். மழை, குளிர், அட்டைக்கடி, வழுக்கும் சரிவு ஆகிய இவற்றோடுதான் அவர்களுடைய நாள் கழிகிறது. கூலி கைக்கு வரும் மாலையில் ஆண்களில் ஒரு பகுதியினரின் கால்கள் எங்கே செல்கின்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் குடியைப் பற்றி எங்கள் மலையில் இரண்டு விதமான பேச்சுகளையே கேட்டு வளர்ந்தேன். ஒன்று ஏச்சு, மற்றொன்று கேலி. குடிப்பவன் கெட்டவன் என்பார் ஒரு சாரார். குளிருக்கு அதுதான் மருந்து என்று சிரிப்பார் மறுசாரார். அவன் எவ்வளவு குடிக்கிறான், எந்த வயதில் தொடங்கினான், எதற்காகத் தொடங்கினான், அவன் குடிப்பதில் என்ன கலந்திருக்கிறது, கூலியில் வீட்டுக்கு எஞ்சுவது எத்தனை ரூபாய் என்று எவரும் கேட்டதில்லை. இவ்வினாக்களைக் கேட்பதே ஒரு கல்வியாகவும் வாழ்க்கைத் தொழிலாகவும் அமையக்கூடும் என்பதைச் சோப்ராவின் வரலாறே எனக்குக் கற்பித்தது.

இளமையும் கல்வியும்

ராம்நாத் சோப்ரா 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்றபின், 1903-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் டௌனிங் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் இயற்கை விஞ்ஞானம், பிறகு மருத்துவம் என்று அவர் கல்வி வளர்ந்தது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் வால்ட்டர் டிக்சன். புதிதாகத் தலையெடுத்துக்கொண்டிருந்த மருந்தியல் துறையில் டிக்சன் முன்னணியில் நின்றவர்; கஞ்சாவின் செயலைப் பற்றி 1899-இலேயே ஆய்வு வெளியிட்டவர்.

அந்நாளில் மருந்துப்பாடம் என்பது பெரும்பாலும் மனப்பாடமாகவே இருந்தது. இன்ன வேர், இன்ன பட்டை, இன்ன நோய்க்கு இத்தனை துளி என்று ஒப்பித்தால் தேர்வில் தேறிவிடலாம். டிக்சன் போன்றோர் வேறு வழி காட்டினர். மருந்து உடலின் எந்த உறுப்பில் எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சோதனையால் கண்டு, அளவோடு எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்கள் நெறி. மாணவர் சோப்ரா இந்நெறியை நெஞ்சில் ஏற்றுக்கொண்டார். கேள்விப்பட்டதைச் சொல்லாமல் கண்டதைச் சொல்வதென்ற இப்பழக்கமே பிற்காலத்தில் அவருடைய எல்லாப் பணிகளுக்கும் அடிப்படையாயிற்று.

1908-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது படையோடு இணைந்த பணி. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொண்டாற்றினார். போர் முடிந்தபின் 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியராக அமர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அதே பாடம் கற்பித்தார். அப்பள்ளியில் மருந்தியலுக்கென அமர்ந்த முதற் பேராசிரியர் அவரே. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவருடைய வாழ்வு அங்கே கழிந்தது. பிறகு அப்பள்ளியின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

பழக்கத்தின் காரணம் தேடி

பேராசிரியர் ஒருவர் சோதனைச்சாலையின் நான்கு சுவர்களுக்குள் நின்று புகழ் பெறலாம். சோப்ரா வெளியே வந்தார். நாட்டில் லட்சக்கணக்கானோர் அபின் உண்டனர்; கஞ்சா புகைத்தனர்; பங் குடித்தனர்; பனையிலும் தென்னையிலும் ஈச்சமரத்திலும் இறக்கிய கள்ளையும், அரிசியிலும் இலுப்பைப் பூவிலும் காய்ச்சிய சாராயத்தையும் அருந்தினர். இவற்றால் அரசாங்கத்துக்கு வருமானம் வந்தது. சீர்திருத்தக்காரருக்குச் சினம் வந்தது. உண்மை நிலை என்ன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அவருக்கு முன்னரும் விசாரணைகள் நடந்ததுண்டு. 1893-94-இல் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. ஆயினும் அது பெரும்பாலும் அதிகாரிகளும் மருத்துவர்களும் வணிகர்களும் பிறரைப் பற்றிக் கூறிய சாட்சியம். சோப்ராவும் அவருடைய உதவியாளரும் பழக்கமுடையவர்களையே தேடிச் சென்றனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தனர். வயது என்ன, தொழில் என்ன, முதன்முதலில் உட்கொண்டது எப்போது, யார் கொடுத்தது, எதற்காக, நாளொன்றுக்கு எவ்வளவு, உடலில் என்ன மாற்றம், விட முயன்றபோது என்ன நேர்ந்தது என்று கேட்டுக் குறித்தனர். அபின் பழக்கத்தைப் பற்றிய கட்டுரைகள் 1927, 1928 முதலே வெளிவரலாயின. கஞ்சாவைப் பற்றிய பெரிய ஆய்வு 1939-இல் வந்தது. அதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரம் அடங்கியிருந்தது.

இவ்வாறு கேட்டபோது தெரிந்தது என்ன? இன்பத்துக்காகத் தொடங்கியவர் உண்டு. நண்பரின் சேர்க்கையால் தொடங்கியவர் உண்டு. ஆனால் வயிற்றுப்போக்கு, இருமல், மூட்டுவலி போன்ற நோய்களுக்கு மருத்துவர் கிடைக்காமையால் அபினைக் கையில் எடுத்தவரும் மிகப் பலர். கட்டட வேலையிலும் மண்வெட்டும் வேலையிலும் உடல் நொந்த கூலியாட்கள் மாலையில் சிறிது கஞ்சாவோ பங்கோ நாடினர். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தை அழாமல் உறங்கட்டும் என்று அதன் வாயில் அபின் உருண்டையை வைத்தனர். பழக்கத்தின் வேர் பல இடங்களில் வலியிலும் களைப்பிலும் வறுமையிலும் இருந்தது. வேர் எங்கே என்று தெரியாமல் கிளையை வெட்டுவோரைச் சோப்ராவின் அட்டவணைகள் நாணச் செய்கின்றன.

மற்றொரு நம்பிக்கையும் அன்று பரவியிருந்தது. சதுப்பு நிலங்களிலும் மலைக்காடுகளிலும் வாழ்வோரை அபின் மலேரியாவிலிருந்து காக்கும் என்பது அது. அபின் விற்பனையை ஆதரித்தோர் இதை ஒரு வாதமாகவே எடுத்துக் கூறினர். சோப்ரா இதைப் பழிக்கவுமில்லை, ஏற்கவுமில்லை, சோதித்தார். மலேரியா ஒட்டுண்ணிகளை ஆராய்வதில் வல்லவரான நோல்ஸ் என்பாரோடு சேர்ந்து, நோயாளிகளுக்கு அபினும் அதிலிருந்து பிரித்த நார்க்கோட்டின் என்னும் பொருளும் கொடுத்து, இரத்தத்தைப் பார்த்தார். ஒட்டுண்ணிகளை அவை ஒன்றும் செய்யவில்லை. 1930-இல் இம்முடிவு வெளிவந்தது. ஒரு வாதம் அன்றோடு ஆதாரம் இழந்தது. ஏலமலைக்காரனாகிய எனக்கு இது தனிச்சுவை தருகிறது. ஒரு காலத்தில் எங்கள் மலையும் காய்ச்சலுக்குப் பேர்போனதே. மலையின் குளிரையும் காய்ச்சலையும் காரணங்காட்டி எத்தனை புட்டிகள் திறக்கப்பட்டிருக்கும்!

மதுவின் முறை 1942-இல் வந்தது. ஜி. எஸ். சோப்ரா, ஐ. சி. சோப்ரா ஆகியோரோடு சேர்ந்து, இந்தியாவின் மதுபானங்களைப் பற்றி இந்தியன் மெடிக்கல் கெஸட் இதழில் தொடர்கட்டுரை எழுதினார். நாட்டு மதுவகைகளை மருந்தியலாளர் கண்கொண்டு முறையாக நோக்கிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. அந்நாளில் அது எளிய செயலன்று. ஒருபுறம் ராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தது. மறுபுறம் கலால் வருமானமே மாகாணங்களின் பெருவருவாயாக இருந்தது. இரு கட்சிகளின் முழக்கத்துக்கு நடுவே நின்று, கள் வேறு, காய்ச்சிய சாராயம் வேறு, சிறிதளவு வேறு, மிகுதி வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு மனவுறுதி வேண்டும்.

சீசாவுக்குள் இருந்தது என்ன?

சோப்ராவின் வாழ்வில் மற்றொரு கிளை இதனோடு பின்னி வளர்ந்தது. அது மருந்தின் தூய்மை பற்றியது.

1920-களில் இந்தியாவில் மருந்து விற்பதற்கு நாடு முழுதுக்குமான சட்டம் இல்லை. யாரும் எதையும் சீசாவில் அடைத்து, எந்தப் பெயரையும் ஒட்டி விற்கலாம். மலேரியாவுக்கு உயிர்நாடியான கொயினாவிலும் கலப்படம் நடந்தது. டிஜிட்டாலிஸ் போன்ற இதய மருந்துகளின் டிங்சர்கள் நம் நாட்டு வெப்பத்தில் வீரியம் குன்றிப் போவதைச் சோப்ராவே ஆராய்ந்து கண்டிருந்தார். மருத்துவர் சரியாக எழுதிக்கொடுத்தும் நோயாளி இறந்தால் குற்றம் யாருடையது?

1930 ஆகஸ்டில் அரசாங்கம் மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்து, சோப்ராவைத் தலைவராக்கியது. குழு நாடெங்கும் சுற்றி விசாரித்து 1931-இல் அறிக்கை தந்தது. நாடு முழுவதற்கும் ஒரே மருந்துச் சட்டம் வேண்டும். சோதிக்கும் கூடங்கள் வேண்டும். மருந்து கலப்போர் முறையாகப் பயின்று பதிவு பெற்றவராய் இருக்கவேண்டும் என்பன அதன் சாரம்.

அறிக்கை எழுதிய கையோடு சட்டம் பிறந்துவிடவில்லை. கலால் வருமானமும் பொதுச் சுகாதாரமும் மாகாணங்களின் கையில் இருந்தன. 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி மாகாணச் சட்டசபைகள் இசைவு தந்தபின்னரே மத்தியில் சட்டம் இயற்ற முடிந்தது. 1931-இல் கேட்ட சட்டம் 1940-இல் கிடைத்தது. இந்த ஒன்பது ஆண்டுகளில் சோப்ரா வாளாவிருக்கவில்லை. சட்டம் வரும்போது அதை நடைமுறைப்படுத்தச் சோதனைச்சாலை ஆயத்தமாய் இருக்கவேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். 1937-இல் கல்கத்தாவில் மருந்துகளைத் தரப்படுத்தும் உயிர்வேதியியல் கூடம் ஒன்று எழுந்தது. அதுவே பின்னர் மத்திய மருந்துச் சோதனைக்கூடமாயிற்று. 1946-இல் அவர் தலைமையில் இந்திய மருந்துப் பட்டியல் வெளிவந்தது. 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. 1955-இல் இந்தியாவுக்கென ஒரு முழு மருந்து நியம நூலும் வந்தது.

இதன் பயனை எங்கள் எல்லையில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. மருந்தோ மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து கவனிக்கும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. எனவே கம்பம்மெட்டு ஏறினால் மதுவின் சட்டம் மாறிவிடுகிறது. மேற்கே கேரளத்தில் கள் சட்டப்படி விற்கப்படுகிறது; சாராயம் 1996 ஏப்ரல் 1 முதல் தடை. கிழக்கே தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆனால் அரசின் டாஸ்மாக் கடைகள் உண்டு. ஒரே மலையின் இரு சரிவுகளில் ஒரே பொருள் ஒருபுறம் வாணிகம், மறுபுறம் குற்றம். ஆனால் காய்ச்சலுக்கு வாங்கும் ஒரு மாத்திரை கம்பத்திலும் வண்டன்மேட்டிலும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டது. ஒரே தரத்தில் இருக்கவேண்டியது. இந்த ஒருமை தானாக வந்ததன்று. சோப்ரா குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்து வந்தது.

ஒரே பொருள், இரு முகம்

மதுவும் மருந்தும் வேறு வேறு உலகங்கள் என்று நாம் நினைக்கிறோம். வேதியியல் அவ்வாறு நினைப்பதில்லை. எங்கள் ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். ஏலத்தை இலவங்கப்பட்டை முதலியவற்றோடு ஆல்கஹாலில் ஊறவைத்த டிங்சர், வயிற்று உப்புசத்துக்கு மருந்தாகப் பழைய மருந்து நூல்களில் இடம்பெற்றது. ஆல்கஹால் இல்லையேல் பல வேர்களின் சத்தையும் பிரித்தெடுக்க இயலாது. நம் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் நெறியாகக் கூறும்போதே, மருத்துவப் பயனுக்கு விலக்கு அளித்திருப்பதும் இதனாலேயே. ஆனால் அந்த விலக்கின் வழியாகவே மருந்து என்ற பெயரில் மது நுழையவும் கூடும். எவ்வளவு மருந்து, எவ்வளவு மது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

கள்ளச்சாராயச் சாவுகள் இதை இன்னும் கொடுமையாகக் காட்டுகின்றன. 1982-இல் கேரளத்து வைப்பினிலும், 2000-இல் கல்லுவாதுக்கலிலும், 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால் என்னும் நஞ்சு. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் நாவுக்கு மதுபோலவே இருக்கும். ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் கண்ணின் நரம்பைக் கெடுத்து உயிரையும் போக்குகிறது. இதற்கு மருத்துவமனையில் தரும் மாற்றுமருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? சாதாரண மதுவில் உள்ள அதே எத்தனால்தான்! ஈரலின் நொதி எத்தனாலைப் பற்றிக்கொள்வதால் மெத்தனால் நஞ்சாக மாறுவது தடைப்படுகிறது. குடும்பத்தைக் கெடுக்கும் பொருள், அளந்து கொடுக்கும் மருத்துவர் கையில் உயிரைக் காக்கிறது. வேறுபாடு பொருளில் மட்டும் இல்லை. அளவிலும் அறிவிலும் இருக்கிறது. சீசாவுக்குள் இருப்பது என்ன என்று சோப்ரா 1930-இல் எழுப்பிய வினாவை, கள்ளச்சாராயம் காய்ச்சும் இடங்களில் நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

நாட்டு மூலிகைக்கு நடுநிலை

சோப்ரா மேல்நாட்டுக் கல்வி பெற்றவர்; ஆயினும் நாட்டு மருந்துகளை இகழ்ந்தவரல்லர். கண்மூடிப் புகழ்ந்தவரும் அல்லர். 1933-இல் வெளிவந்த இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய அவருடைய பெருநூல், மூலிகைகளை வேதியியலாலும் சோதனையாலும் ஆராய்ந்து, தேறியது இது, தேறாதது இது என்று பிரித்துக் காட்டியது. அதே ஆண்டில் சர்ப்பகந்தா வேரின் செயலைப் பற்றியும் தம் துணைவரோடு ஆய்வு வெளியிட்டார். பித்துக்கும் இரத்தக்கொதிப்புக்கும் வைத்தியர் கையாண்ட அவ்வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்ப்பின் பிரிக்கப்பட்டது. உலகெங்கும் இரத்தக்கொதிப்பு மருத்துவத்தில் அது ஒரு திருப்பமாயிற்று.

1941-இல் கல்கத்தாவில் ஓய்வு பெற்று, சர் பட்டமும் பெற்ற அவர், வீட்டில் அமர்ந்துவிடவில்லை. காஷ்மீர் சமஸ்தானத்தில் மருந்து ஆராய்ச்சிக்கூடம் நிறுவி நடத்தினார். ஜம்முவில் உள்ள அக்கூடம் 1957-இல் மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் வந்து, இன்றும் பணியாற்றுகிறது. 1946-இல் இந்திய மருத்துவ முறைகளை ஆராயும் குழுவுக்கும் அவரே தலைவரானார். 1948-இல் அறிக்கை அளித்தார். நம் சென்னை மாகாணம் இத்துறையில் முன்னரே வழிகாட்டியிருந்தது. 1921-இல் அமைந்த உஸ்மான் குழு, காப்டன் சீனிவாசமூர்த்தியைச் செயலாளராகக் கொண்டு, சித்த வைத்தியரின் சான்றுகளைத் தமிழிலேயே கேட்டுப் பெற்றது. அக்குழு தொடங்கிய விவாதத்தைச் சோப்ராவின் குழு அகில இந்திய அளவில் தொடர்ந்தது. 1948-இல் பாட்னாவில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசுக்கும் அவர் தலைமை தாங்கினார்.

போதைப் பழக்கம் பற்றிய வினாவை முதுமையிலும் விடவில்லை. 1955-இலும் 1957-இலும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் இதழில் அபின், கஞ்சா பற்றிய கட்டுரைகளை எழுதினார். 1965-இல், 80 வயது கடந்தபின், இந்தியாவின் போதைப் பழக்கங்களைப் பற்றி ஐ. சி. சோப்ராவோடு எழுதிய நூல் வெளிவந்தது. 1973 ஜூன் 13-ஆம் நாள் ஸ்ரீநகரில் காலமானார். 1983-இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறையை மறைத்தல் கூடாது. சோப்ரா பரிசோதித்தோர் பெரும்பாலும் அவர் கண்ணுக்கு அகப்பட்டோர். இன்றைய புள்ளியியல் முறைப்படி ஊரெங்கும் எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அல்லர். பழக்கமில்லாதோரை உடன்வைத்து ஒப்பிடும் வழக்கமும் அப்போது வேரூன்றவில்லை. ஆகவே கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு போன்றவற்றில் அக்காலக் கணக்குகளை அப்படியே ஏற்க முடியாது. பின்வந்தோர் மீண்டும் ஆராய வேண்டியிருந்தது.

அவர் காலத்தில் மேலைநாட்டிலும் இத்துறை இளமையாகவே இருந்தது. அமெரிக்காவில் மது ஆராய்ச்சியை ஒரு தனித் துறையாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையான ஜெல்லினெக், முன்பு ஹொண்டூராஸ் நாட்டு வாழைத்தோட்டங்களில் ஆராய்ச்சிப் புள்ளிவிவர வேலை பார்த்தவர்! பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும், 1950-களில் உலகச் சுகாதார நிறுவனத்திலும் பணியாற்றி, 1960-இல் மதுப்பழக்கத்தை நோயாக நோக்கும் நூலை வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற முதல் ஆய்வு 98 பேரின் விடைகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. தோட்டத்திலிருந்து தொடங்கியவர் ஜெனீவா வரை சென்றார். சிறு கணக்கிலிருந்து தொடங்கியது ஒரு துறையாயிற்று. முதற்கணக்கு குறைபாடுடையதாகத்தான் இருக்கும். ஆனால் முதற்கணக்கு எடுக்கப்பட்டால்தான் இரண்டாவது கணக்கு திருத்தமாக அமையும். சோப்ராவின் பெருமை இங்கேதான் உள்ளது.

நமக்கு உரிய பணி

மாணவத் தோழர்களே! மது ஆராய்ச்சி, சுகாதார நிர்வாகம் என்றால் மருத்துவப் பட்டம் பெற்றோருக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டா. சோப்ராவின் பணியைப் பகுத்துப் பாருங்கள். சீசாவில் உள்ளதைப் பிரித்தறிய வேதியியல் மாணவர் வேண்டும். ஆயிரம் பேரைக் கேட்டதைத் தொகுக்கப் புள்ளியியல் மாணவர் வேண்டும். கூலிக்காரர் வீட்டில் அமர்ந்து அவர் மொழியிலேயே கேட்கச் சமூகப்பணி மாணவர் வேண்டும். கண்டதைச் சட்டமாக வடிக்கச் சட்ட மாணவர் வேண்டும். சட்டம் இயற்ற ஆகும் ஒன்பது ஆண்டுகளில் மனம் தளராமல் கோப்பை நகர்த்த நல்ல நிர்வாகி வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ், டில்லி எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் போன்ற நிறுவனங்கள் இப்பணிக்கென உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உள்ளது. 2019-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் 14.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் 5 கோடிக்கு மேற்பட்டோர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். இவ்வளவு பெரிய நோய்க்கு இத்தனை சிறிய படை போதுமா?

நம் தமிழ்ச் சங்கத்து மாணவருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு என்று கருதுகிறேன். மலைத்தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் நலம் இரு மாநில நிர்வாகங்களின் எல்லைக்கோட்டில் கிடக்கிறது. காலையில் தமிழ்நாட்டில் கண்விழித்து, பகலில் கேரளத்தில் உழைத்து, இரவில் மீண்டும் தமிழ்நாட்டில் உறங்குபவர் நோயுற்றால், அவர் எந்த ஊர்க் கணக்கில் வருவார்? அவர்களின் மொழியும் மலையின் வழக்கமும் தெரிந்த ஒருவர் சென்று கேட்டாலன்றி உண்மை வெளிவராது. கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியானவர் யார்?

ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுவை எதிர்த்து மேடைப்பேச்சு ஒன்று தயாரிக்கும் நேரத்தில், பத்து வீடுகளுக்குச் சென்று வாருங்கள். பெயர் எழுதவேண்டா. வயது, வேலை, கூலி, செலவு, தொடங்கிய காரணம், விட முயன்ற அனுபவம் இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு முன் அவர்களின் இசைவைப் பெறுங்கள். கேட்டதை ஊரில் பரப்பாதீர்கள். திரும்பி வந்து நம் பேராசிரியரிடம் காட்டி, எப்படித் தொகுப்பதென்று கற்றுக்கொள்வோம். பத்து வீடுகள் சிறு கணக்குத்தான். ஆயினும் ஏச்சும் கேலியும் அறியாத ஒன்றை அது நமக்குச் சொல்லும். அளந்து அறிந்தபின் பேசுவோம். அறிந்தவர் பேச்சுக்கே ஆட்சியாளரும் செவிசாய்ப்பர். கர்னல் சோப்ராவுக்கு நாம் செய்யும் நினைவுவிழா அதுவே ஆகுக!